சாயம் படாத தட்டு

மனிதகுலம் இன்று மாலை நிம்மதியாக மூச்சுவிடப் போகிறது. தரை துடைக்கும் திரவத்துக்கு ரோஜா நிறம் தரும் சாயம் புற்றுநோயை உண்டாக்குமா என்பது தெரிந்துவிடும். அந்த மனிதகுலத்தின் சார்பில் ஆய்வகக்காரி, வீங்கிய கால்களைச் செருப்பிலிருந்து உருவிக்கொண்டு, ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணாடித் தட்டுகளைத் தூக்கிப் பார்க்கிறாள். ஆறு வாரமாக, ஞாயிறென்றும் பாராமல், அவள் தீனி போட்டு வளர்த்த செல்கள் ஊதா மையில் உறைந்து கிடக்கின்றன. ஒழுங்கான செல் பக்கத்துச் செல்லைத் தொட்டதும் அடங்கிவிடும். கெட்டவை ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கருந்திட்டாகும். சாயம் போட்ட தட்டுகளில் திட்டுகள் இருக்கின்றன. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சாயமே போடாமல் வைத்த தட்டை எடுக்கிறாள். மூலையில் ஃபிரிட்ஜ் உறுமுகிறது. இதிலும் அதே திட்டுகள்.

“என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி?” என்கிறான் பக்கத்து மேசை சோடாபுட்டிக் கண்ணாடிக்காரன்.

“சாயம் படாததும் கெட்டுக் கிடக்குப்பா. இனி எதை வச்சு என்ன சொல்றது?”

“கெடாம என்ன செய்யும்? இயக்குநர் வந்து தொடங்கி வைக்கணும்னு, நிரம்பி வழிஞ்ச செல்லை மூணு நாள் காக்க வச்சோமே. நெரிசல்ல அதுங்களா கெட்டுப்போச்சு. ரிப்பனை மட்டும் நேரா வெட்டினாரு.”

அவள் சிரிக்கவில்லை. மேசையில் கைபேசி அதிர்ந்து அதிர்ந்து நகர்கிறது. நிறைமாத மகள், அம்மா எப்போது கிளம்புகிறாள் என்று கேட்பாள். சோதனை முடிந்தால்தான் விடுப்பு. சாயும் வெளிச்சம் தட்டின் வழியே இறங்கி, அவள் மணிக்கட்டில் ஊதாவாக விழுகிறது.

“எடுங்கக்கா.”

“எடுத்து?”

சோதனையைத் திரும்பச் செய்ய இன்னும் ஆறு வாரம் ஆகும்.