இடக்கை ஆசீர்வாதம்

இரண்டாயிரத்து ஐந்தில், வளைகுடா நாடுகள் ஆறிலும் சேர்த்து, பிரெஞ்சு செம்புத்தகட்டு ஓவியம் அறிந்த ஒரே தமிழன் விஜயபாஸ்கர்.

சொன்னது விஜயபாஸ்கர். மறுக்க ஆள் இல்லை. ஷார்ஜா முவைலாவில் அந்தப் படச்சட்டக் கடையில் மொத்தமே இரண்டு பேர்தான். மற்றவன் யாழ்ப்பாணத்துத் துஷாந்தன். அவன் படத்தைக் கண்டால் கும்பிடுவானே தவிர ஆராயமாட்டான்.

இதையும் கும்பிட்டான். நானூறு ஆண்டுக்கு முன் பிரான்சில் அச்சான ஒரு புனிதர் படத்தின் நகல். சட்டம் போட வந்த பிரெஞ்சு டீச்சர், தன்னிடம் ஒரு பிரதி அதிகம் இருக்கிறது என்று விட்டுப்போனது. புனிதரின் வலக்கையில் தீப்பற்றிய இதயம். இடக்கையை உயர்த்தி ஆசீர்வாதம்.

“இடது கையால ஒருத்தன் டீ குடுத்தாலே நான் வாங்கமாட்டேன். இவன் ஆசீர்வாதமே வாங்குறான் பாருங்க. அந்த இதயம் வேற, நெஞ்செரிச்சல் மருந்து விளம்பரம் மாதிரி!”

விஜயபாஸ்கர் இதைச் சொன்னது பக்கத்து டைப்பிங் சென்டர் சுகந்தாவிடம். அவள் தினமும் மத்தியானம் வருவாள். படத்தைப் பார்க்கத்தான் வருகிறாள் என்று அவன் நம்பியிருந்தான்.

அவளுக்காகவே விளக்கினான். செதுக்கியவன் தகட்டில் வலக்கையைத்தான் கீறினான். தாளில் அழுத்தினால் வலம் இடமாகிவிடும் என்பது அவனுக்கு உறைக்கவில்லை. நெருப்பு என்பது அன்பின் குறியீடு. இதை மட்டும் அவள் கண்ணைப் பார்த்துச் சொன்னான்.

“அப்பிடியோ அண்ணை?” என்ற சுகந்தா, துஷாந்தன் பக்கம் திரும்பினாள். “இண்டைக்கு நீர் இவரைக் கும்பிட்டு என்ன கேட்டனீர்?”

“உமக்குத் தெரியாததோ?” என்றான் துஷாந்தன்.

அண்ணை என்பது மரியாதை. நீர் என்பது நெருக்கம். யாழ்ப்பாணத் தமிழில் இந்த இரண்டுக்கும் நடுவே முவைலாவுக்கும் புஜைராவுக்கும் உள்ள தூரம். இடையில் மலை வேறு.

அவர்கள் இருவரும் சாப்பிடப் போனார்கள். சேர்ந்து.

விஜயபாஸ்கர் ஷட்டரைப் பாதி இறக்கினான். படத்தைச் சுவரிலிருந்து எடுத்தான். சட்டம் போட வந்திருந்த ஆளுயரக் கண்ணாடிக்கு எதிரே, அதைப் பார்த்தபடி நாற்காலியில் சாய்த்து வைத்தான்.

கண்ணாடிக்குள் புனிதரின் வலக்கை உயர்ந்தது.

கீழே இருந்த பிரெஞ்சு எழுத்தெல்லாம் திரும்பிக்கொண்டது. நேராக இருந்தபோதும் அவனால் படிக்க முடிந்ததில்லை.

செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டான். கைகூப்பினான்.

பிறகு போய் ஷட்டரின் மீதிப் பாதியையும் இறக்கிவிட்டு வந்து, முதலிலிருந்து கும்பிட்டான்.