அருமையான கடல்

கடலில் அலைமேல் சறுக்க உதவும் ஓர் அலைப்பலகையும், அதை ஜெசிந்தாவின் கணுக்காலோடு பிணைக்கும் கயிறும், அவளுடைய செல்போனும் ஒரே அறையில் குடியிருந்தன. விடிந்ததும் பலகை கேட்கும்: "போன் சார், இன்னைக்குக் கடல் எப்படி?"

போன் தொண்டையைச் செருமிக்கொண்டு காற்று, அலை, நீரோட்டம் எல்லாவற்றையும் ஒப்பிக்கும். சரியில்லை என்றால் யாரும் கிளம்ப மாட்டார்கள். போன் சொன்னது ஒருநாளும் பொய்த்ததில்லை.

அன்று கயிறு மெல்லச் சொன்னது: "அண்ணே, என் உடம்புல வெடிப்பு விட்டிருக்கு. அறுந்தேன்னா நீ ஒரு பக்கம், புள்ள ஒரு பக்கம். நீ இல்லாம அவளுக்கு நீச்சல் அரைகுறைதானே?"

"கடலைப் பத்திப் பேசுற நேரத்துல உன் மூட்டுவலிக் கதையா?" என்று பலகை சிரித்தது. "சார், நீங்க சொல்லுங்க."

"அருமையான கடல். இந்த மாதத்திலேயே நல்ல நாள்," என்றது போன்.

ஜெசிந்தா போனை மட்டும் பார்த்தாள்.

"கடல் எப்படிடீ இருக்கு?" என்று அடுப்படியிலிருந்து அம்மா கேட்டாள்.

"சூப்பரா இருக்கும்மா!"

கடல் உண்மையிலேயே அருமையாகத்தான் இருந்தது. அழகான ஓர் அலையில் கயிறு அறுந்தது. பலகை மட்டும் கரை ஒதுங்கியது.

வெயில் ஏறியது. மணலில் கிடந்த பைக்குள் போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

"யாரு சார்?" என்று பலகை கேட்டது.

"அவங்க அம்மா."

"எடுத்தா என்ன கேப்பாங்க?"

"கடல் எப்படி இருக்குன்னு கேப்பாங்க."

"என்ன சொல்லுவீங்க?"

"அருமையா இருக்குன்னுதான்," என்றது போன்.