லேபிளுக்கு ஒரு குடம்

குடத்தை இன்னும் கொஞ்சம் சாய்க்கச் சொன்னார்கள்.

சாய்த்தாள்.

உள்ளே ஒன்றும் இல்லை என்பது தெரிய வேண்டுமாம். வாயை இந்தப் பக்கம் திருப்பச் சொன்னார்கள். குடத்தின் வாயைத்தான். அவள் வாய்க்கு அங்கே வேலை இல்லை.

சென்னையிலிருந்து வேன் வந்திருந்தது. தண்ணீர் பாட்டில் கம்பெனி வேன். படத்தில் அடுக்கி வைப்பதற்கென்று உள்ளே பெட்டி பெட்டியாகத் தண்ணீர். பாட்டிலில் ஒட்டும் லேபிளுக்குத்தான் படம். தண்ணீர் இல்லாத ஊர், அங்கே ஒரு தாய், இடுப்பில் காலிக் குடம். பார்க்கிறவன் மனம் இளகி இன்னொரு பாட்டில் வாங்குவான். வாங்கினால் அதில் ஒரு பங்கு இந்த மாதிரி ஊர்களுக்கு வரும். அப்படித்தான் சொன்னார்கள். வந்தால் நல்லதுதான். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கென்ன பைத்தியமா?

ஆனால் வெறுங்குடம்.

வேன் டிரைவர் பரமக்குடிக்காரர். காலையில் வண்டியை நிழலுக்கு நகர்த்தப் போனவர், எதிரே அவள் வெறுங்குடத்தோடு வருவதைக் கண்டதும் எஞ்சினை அணைத்துவிட்டார். இறங்கி ஒரு வாய் தண்ணீர் குடித்து, சற்று உட்கார்ந்துவிட்டுத்தான் மறுபடி கிளப்பினார். படம் எடுக்கிறவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. எதிரே வந்தவள் அவள் அல்லவா.

மணி பன்னிரண்டாகிவிட்டது.

நான்கு மணிக்குப் பெண் வீட்டார் வீடு பார்க்க வருகிறார்கள். மகன் பூமிநாதனுக்கு முப்பத்திரண்டு வயது. இதற்கு முன்னால் இரண்டு இடம் வந்தது. முதலில் வந்தவர்கள், சொம்பில் கொடுத்த உப்புத் தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்தார்கள். வைத்ததோடு சரி. அடுத்து வந்தவர்கள் தெருவில் வரிசை போட்டிருந்த குடங்களைப் பார்த்து வாசலோடு திரும்பிவிட்டார்கள். தண்ணீர் இல்லாத ஊருக்குப் பெண் கொடுப்பதில்லையாம். பையன் தங்கமான பையன். அதை யார் கேட்டார்கள்?

லாரித் தண்ணீர் வந்து எட்டு நாள். இன்று வருகிறவர்களுக்கு நீட்ட வீட்டில் ஒரு சொம்பு நல்ல தண்ணீர் கிடையாது.

இந்த லட்சணத்தில் இந்தப் படம் வேறு ஊர் ஊராகப் போகும். கல்யாணப் பந்தியில் இலைக்கு ஒரு பாட்டில் வைப்பார்கள். ஒவ்வொரு இலைக்கும் எதிரே அவள் நிற்பாள். வெறுங்குடத்தோடு. யாரோ பெற்ற பிள்ளைகளின் கல்யாணத்தில்.



குடத்தை நிமிர்த்தினாள்.

முகத்தைக் கொஞ்சம் வாட்டமாக வைத்துக்கொள்ளச் சொன்னார் படம் எடுக்கிறவர். அவள் வேனின் பக்கவாட்டைக் காட்டி, அங்கே எழுதியிருப்பதை வாசிக்கச் சொன்னாள். காலையிலிருந்து எழுத்துக் கூட்டிக் கூட்டி அவளுக்கு மனப்பாடமே ஆகியிருந்தது. இருந்தாலும் அவர் வாயால் வரட்டும்.

அவர் பெருமையாகவே வாசித்தார். நீங்கள் வாங்கும் ஒவ்வொரு பாட்டிலும் ஒரு தாயின் குடத்தை நிறைக்கும்.

“அந்தத் தாய் நான்தானே தம்பி? அப்ப நெறச்சுக் குடுங்க.”

அவர் விளக்கினார். முதலில் பாட்டில் விற்க வேண்டும். பிறகு பங்கு ஒதுக்க வேண்டும். பிறகு குழு கூடி ஊரைத் தேர்ந்தெடுக்கும். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். பிளாஸ்டிக் குடத்தை அவர் காலடியில் வைத்துவிட்டு வீட்டுக்குள் போனாள்.

வரும்போது பித்தளைக் குடம். அவள் கல்யாணச் சீர். வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று விடிகாலையிலேயே புளி போட்டுத் துலக்கி வைத்திருந்தாள். வெயில் பட்டுக் கண் கூசியது.

நிறைகுடமாக இருந்தால் நிற்பேன், இல்லையென்றால் வேறு தாயைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள்.

அவர் தெருவைப் பார்த்தார். வாசல்தோறும் பெண்கள் நின்றிருந்தார்கள். ஒருத்தியும் படி இறங்கவில்லை.

டிரைவர்தான் எழுந்தார். பின்கதவைத் திறந்து ஒரு பெட்டியை இறக்கினார். யாரையும் கேட்கவில்லை. மூடியைத் திருகித் திருகிக் கவிழ்த்தார். ஒரு பெட்டி போதவில்லை. இரண்டாவதையும் உடைத்தார்.

கழுத்து வரை தண்ணீர்.

தூக்கி இடுப்பில் வைத்தாள். அந்தக் கனம் இடுப்பில் இறங்கியதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கவில்லை. எதற்கு அடக்க வேண்டும்? வாய் நிறையச் சிரித்தாள்.

படம் எடுக்கிறவர் வாட்டத்தை மறந்துபோய்ப் படம் எடுத்தார்.

எடுத்ததைத் திரையில் பார்த்தார். கம்பெனியில் என்ன சொல்வார்களோ என்றார். டிரைவரிடம் காட்டினார். டிரைவர் இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தார்.

வருகிறவர்களிடம் அவள் பொய் சொல்லப் போவதில்லை. ஏது தண்ணீர் என்று கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்வாள். முதலில் குடிக்கட்டும்.

வீட்டுக்குள் வலது காலை எடுத்து வைத்தாள்.

வெளியே சாமான்களைக் கட்டினார்கள். கதவு சாத்தப்பட்டது. எஞ்சின் உறுமியது.

அப்போதுதான் தெருவில் நின்ற பெண்கள் படி இறங்கினார்கள். ஒவ்வொருத்தியாக வந்து வேனுக்கு முன்னால் நின்றார்கள்.

எல்லோர் இடுப்பிலும் வெறுங்குடம்.

டிரைவர் எஞ்சினை அணைத்தார். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பின்கதவைத் திறக்கப் போனார்.