மீதி ஒருவர்

தென்றலின் விரல்கள் லேப்டாப்பில் பறந்தன. ஒரு மணிக்கு வெடி. இன்னும் எட்டே நிமிடம்.

அந்த அரியலூர் சுண்ணாம்புக்கல் குவாரிக்குள் யாரும் இல்லை என்று, கேமராக்கள் வழியே ஆட்களை எண்ணும் கம்ப்யூட்டர் காட்டினால்தான் வெடிக்கும் பட்டன் வேலை செய்யும். இன்று அது ‘ஒருவர்’ என்றே காட்டியது.

“முப்பத்தாறு பேரும் மேல வந்துட்டாங்க. நானே எண்ணிட்டேன்” என்று போனில் கத்தினார் ஃபோர்மேன் இளையபெருமாள். “உங்க பொட்டிக்கு எண்ணத் தெரியாதாம்மா?”

“ரெண்டே வரிதாங்கய்யா, முடிச்சுடுறேன்.”

ஆட்களின் எண்ணிக்கை வரும் வரியில் பூஜ்யம் அடித்தாள். புரோகிராம் எழுத உதவும் ஏ.ஐ. குறுக்கே புகுந்து, சாம்பல் நிறத்தில் ‘1’ என்று நீட்டியது. எஸ்கேப் கீயைத் தட்டி அதை விலக்கினாள். எந்த வரியில் இருந்தோம் என்பது மறந்துபோனது. முதலிலிருந்து படித்தாள். மறுபடி ‘1’. தட்டினாள். காலையிலிருந்து நூறு குறுக்கீடு. இப்போது கண் படிப்பதற்குள் விரல் தட்டிவிடுகிறது.

அடுத்து வந்தது எண் இல்லை. ‘எழுந்திரு’ என்ற சொல். அதையும் விரல் தட்டியது. ‘ஓடு’ என்று வந்தது. தட்டியது.

“முடிஞ்சுதுங்கய்யா. சைபர் காட்டுதா?”

“காட்டுது, காட்டுது. இப்பதாம்மா வழிக்கு வந்துச்சு!”

போன் கட்டானது. சைரன் ஊளையிட்டது.

தென்றல் முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தினாள். தகரக் கொட்டகையின் ஜன்னலுக்கு வெளியே நாலு பக்கமும் வெள்ளைப் பாறைச் சுவர். அதன் துளைகளிலிருந்து ஒயர்கள் தொங்கின.

புரோகிராமைச் சரிசெய்யப் பெரம்பலூரிலிருந்து வந்திருந்த அவளுக்குக் குவாரி அடையாள அட்டை கிடையாது; ஃபோர்மேன் எண்ணிய முப்பத்தாறில் அவள் இல்லை. காலையில் கேமராக்களின் சிக்னல் பெட்டியைப் பார்க்க லாரியில் கீழே இறங்கியவள், இன்னும் மேலே ஏறவே இல்லை.