மரத்த தோள்

நேற்று முழுக்க சாப்ட்பால் பந்து வீசி வீசி என் தோள் வீங்கிக் கிடந்தது. இன்று ஃபைனலில் எறியாவிட்டால் விளையாட்டுக் கோட்டாவில் கிடைத்த காலேஜ் சீட் போய்விடும். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். கோச்சுக்கோ கோப்பை வேண்டும். மரத்துப்போக வைக்கிற ஸ்ப்ரேயை என் தோளில் டப்பா காலியாகும்வரை அடித்தார்.

“இப்ப வலிக்குதாடி, கொளஞ்சி?”

“இல்ல சார்.”

“பாத்தியா, எல்லாம் நடிப்பு.”

அவர் நகர்ந்ததும், நான் வீசும் பந்தைப் பிடிக்கிற கேட்சர் ரெஜினா என் தோளை நகம் பதியக் கிள்ளினாள்.

“தெரியுதாக்கா?”

“என்னடி தெரியணும்?”

அவள் முகம் வெளிறியது. “எறியாதக்கா.”

“உன் இடத்துல போய் நில்லு.”

கையைச் சுழற்றிப் பந்தை விட்டேன். தோளில் மளுக்கென்று சத்தம் கேட்டது; வலிக்கவில்லை. எதிரே மட்டையோடு நின்றவள் பந்தைப் பார்க்கவேயில்லை. என் தோளைப் பார்த்துக் கத்தினாள். திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.