வாரேன்

பெண்பிள்ளைகளின் படிப்புக்கு நிதி திரட்ட, ஒரு கல்லூரி மாணவர்கள் பதிமூன்று வயது இசக்கியம்மாவைப் போலவே பேசும் கணினிக் குரலை உருவாக்கி, அதற்கு ஒரு போன் நம்பரும் கொடுத்தார்கள். அந்த எண்ணுக்கு யார் அழைத்தாலும், "நான் படிக்கணும்க்கா, உதவுவியளா?" என்று கேட்கும். ஊர்க்கதையும் பேசும். அந்த நிதியில்தான் இசக்கியம்மா படித்தாள். இப்போது புனேயில் இன்ஜினியர். குரலுக்கு மட்டும் இன்னும் வயது பதிமூன்று.

ஞாயிறு காலை, ஊரில் தனியாக இருக்கும் அம்மாவை அழைத்தாள். லைன் பிஸி. நான்காவது முறைதான் கிடைத்தது.

"யார்கிட்டம்மா இவ்வளவு நேரம்?"

"உங்கிட்டதாம்ட்டி. அந்த நம்பர்ல."

"அது நான் இல்லம்மா."

"தெரியும். ஆனா அவ நம்ம பேச்சு பேசுதா. சாப்பிட்டியாம்மா, ஆட்டுக்குட்டி நல்லாருக்கான்னு கேக்கா. நீ இப்பம் 'வரேன்'னு சொல்லுத. அவ இன்னும் 'வாரேன்'னுதான் சொல்லுதா."

இசக்கியம்மா ஊருக்குப் போய் நான்கு வருடமாகிறது. தொண்டையைச் சரிசெய்துகொண்டு, பழைய நாக்கைத் தேடிப் பிடித்துச் சொன்னாள்.

"இந்தப் பொங்கலுக்குக் கண்டிப்பா வாரேம்மா."



"அவளும் வாராவாரம் இதத்தான் சொல்லுதா."