மாலை போட்ட படத்தில் ஒரு கை

துப்பறியும் தொடர் ஒன்றில் நான் பிணமாக நடித்தேன். வசனம்கூடக் கிடையாது. அதற்குப் போய் அபார்ட்மென்டே என் வீட்டு ஹாலில் உட்கார்ந்துகொண்டு, "உங்களைக் கொன்னது யாரு சார்?" என்று உயிரை வாங்குகிறது. "எனக்கு எப்படிங்க தெரியும்? நான்தான் செத்துட்டேனே!" என்றால் கேட்டால்தானே. சீரியலில் மாலை போட்டு மாட்ட ஒரு படம் கேட்டார்களே என்று, போனில் கிடந்த பழைய போட்டோவில் என்னை மட்டும் வெட்டி அனுப்பியிருந்தேன். தோளில் யாருடைய கையோ ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. நேற்றைய எபிசோடை மறுபடி ஓட்டிய மாடிவீட்டு கிருபாகரன், சரியாக அந்தப் படம் வரும் இடத்தில் நிறுத்தினார். "பச்சைக் கண்ணாடி வளையல். இவதான் கொன்னிருக்கா." அடுத்த வீட்டு வசுமதி அது கதையில் வரும் மச்சினிதான் என்றாள். இன்னொருவர் நர்ஸ் என்றார். எனக்குப் பொறுமை போய்விட்டது. "அய்யோ, அது என் சம்சாரத்தோட கை! விட்டுத் தொலைங்களேன்!" என்று கத்தினேன். காபித் தட்டோடு நின்றிருந்த என் மனைவி செண்பகவல்லி தட்டைக் கீழே வைத்தாள். டிவியருகே போய், என் தோளில் இருந்த கைக்குப் பக்கத்தில் தன் கையை நீட்டி வைத்தாள்.

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க கிருபாகரன் அண்ணே," என்றாள். "இது என் கையா?"